பந்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்

மேலச்சிறுகுளம் விடிவெள்ளி வாலிபால் கிளப் தோற்காத ஒரே இறுதியாட்டம், இன்னும் முடியாமல் கிடக்கிற அந்த ஒரு ஆட்டம்தான். மற்றதெல்லாம் தோல்வி. அதுவும் சும்மா தோல்வியா? கப்பைத் துடைத்து மேடையில் வைத்து, பூக்கடையில் சொல்லி ரோஜா மாலை கட்டி வாங்கி, வேட்டுக்காரனை வரச்சொல்லி மைதானத்து மூலையில் உட்காரவைத்து, கடைசியில் அந்த மாலையை அடுத்த ஊர்க்காரன் கழுத்தில் நம்ம தலைவரே போட்டுவிட்டு, வேட்டுக்காரனையும் அவன் வேட்டையும் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவைக்கிற தோல்வி. அவன் வருஷா வருஷம் ஒரே வேட்டைத்தான் கொண்டுவந்து கொண்டுபோகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இப்படித் தோற்றுத் தோற்று ஊருக்கே நெஞ்சு மரத்துப்போயிருந்தது. சொரிமுத்துவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அவர் டவுன் பஞ்சாயத்தில் தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுகிறவர். வால்வு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் விடிவெள்ளிக்குத்தான். தண்ணீர் திறக்கிறவனும் டீமில் பந்தைத் தூக்கிக்கொடுக்கிற செட்டரும் ஒன்று என்பார். ஒழுங்காக வந்தால் ஒருத்தனும் ஒன்றும் சொல்லமாட்டான், வராவிட்டால் ஊரே வாசலில் நின்று ஏசும். வீட்டையும் அவர் அப்படித்தான் பார்த்தார். அவர் சம்சாரம் பேச்சித்தாய்தான் பின்வரிசையில் நிற்கிற லிபரோ. எந்தப் பக்கமிருந்து அடி வந்தாலும் விழுந்து புரண்டு அதைத் தரையில் படாமல் எடுத்துவிடுவாள், ஆனால் அவளை யாரும் ஒரு சர்வீஸ் போடச் சொன்னது கிடையாது. இதை அவளிடமே ஒருநாள் சொன்னார். "அப்ப நீங்க யாரு டீம்ல?" என்று கேட்டாள் பேச்சித்தாய். அவர் வால்வு சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அந்த ஊர் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்ம டீமுக்குப் பாயிண்ட் வந்துகொண்டிருக்கும்போது யார் எப்படி இருக்கிறாரோ அப்படியே இருக்கவேண்டும். கால்மேல் கால் போட்டவன் எடுக்கக்கூடாது, வாயில் கடலையைப் போட்டவன் மெல்லக்கூடாது, டீக்கடை பால்துரை ஒரு அரையிறுதியில் கொதிக்கிற கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு செட் முழுக்க நின்று உள்ளங்கையில் கொப்புளம் வாங்கினார், அதை இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடம் காட்டுவார். சொரிமுத்துவின் இடம், காலரியில் மூன்றாவது படி, வேப்பமரத்துப் பக்கம். ஒருதரம் ஒண்ணுக்குப் போக அவர் எழுந்ததும் கைக்குள் இருந்த ஆட்டம் கைவிட்டுப் போனது. அன்றைக்கே ஊர் தீர்மானம் பண்ணிவிட்டது, சொரிமுத்து எழுந்தால் விடிவெள்ளி விழும் என்று.

அந்தப் பொங்கல் டோர்னமெண்ட் இறுதியாட்டம். எதிர்த்து ஆடியது கரட்டுமேடு மில் டீம். அன்றைக்குக் காலையில்தான் தென்காசியிலிருந்து போன் வந்திருந்தது, மகள் பிரம்மசக்திக்கு ஆண் குழந்தை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடந்திருக்க வேண்டும், டாக்டரம்மா பஸ்ஸில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டதால் அவள் அங்கேயே இருந்துவிட்டாள். சேதி கேட்ட கையோடு சொரிமுத்து நகைக்கடைக்கு ஓடிப்போய் பேரனுக்கு ஒரு வெள்ளி அரைஞாண் வாங்கி வந்தார். "பேரு வைக்கிறன்னைக்குத்தான் இதெல்லாம் போடுவாக, அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?" என்று பேச்சித்தாய் சிரித்தாள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாயங்கால பஸ்ஸுக்குப் போகிறதாக ஏற்பாடு. போகிற வழியில்தான் மைதானம்.

கடைசி செட். மில் டீமுக்குப் பதினாலு, நமக்குப் பதிமூணு, பதினைந்து எடுத்தால் கப்பு. பேச்சித்தாய் கட்டைப்பையோடு மைதானத்து வாசலில் வந்து நின்று, "ஏங்க, பஸ்ஸு வந்துட்டு, வாங்க" என்று கூப்பிட்டாள். சொரிமுத்து வேட்டியை ஒதுக்கிக்கொண்டு படியிலிருந்து ஒரு விரற்கடை எழுந்தார். அவ்வளவுதான், காலரியே அவர் பக்கம் திரும்பியது. "எந்திரிச்சிராதீரும் வே! அப்படியே இரும்!" என்று பால்துரை கத்தினார், மற்றவர்களும் கத்தினார்கள். சொரிமுத்து பேச்சித்தாயைப் பார்த்து, "இந்த ஒரு பாயிண்ட்டு" என்று ஒரு விரலைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். மில்காரன் போட்ட சர்வீஸைப் பின்வரிசைப் பையன் எடுத்துக் கொடுத்தான், செட்டர் வேல்ராஜ் இரண்டு கையாலும் பந்தை மேலே தூக்கினான், அது போனது. அடிப்பதற்கு எகிறிய தங்கராசு கீழே வந்துவிட்டான். பந்து வரவில்லை.

வேப்பமரத்து நடுக்கொம்பு உயரத்தில், வலைக்கு நம்ம பக்கமாக, பந்து நின்றது.

எல்லாரும் கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு கழுத்து வலித்தது. உயரநாற்காலியில் இருந்த அம்பயரைப் பார்த்தார்கள். அவர் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பி.டி. வாத்தியார், ரூல் தவறாதவர், விசிலை வாயிலேயே வைத்திருந்தார், ஊதவில்லை. "பந்து தரையைத் தொடலை, ஒருத்தரும் தப்பும் பண்ணலை, ஆட்டம் நடந்துட்டு இருக்கு" என்றார். கம்பை வைத்துத் தட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்டார். வெளிச்சாமான் பட்டால் அந்தப் பாயிண்ட்டைத் திரும்ப ஆடவேண்டும் என்றார் அம்பயர். திரும்ப ஆடினால் தோற்றாலும் தோற்போமே என்று நம்ம ஆட்கள் வேண்டாம் என்றார்கள். ஜெயிக்க ஒரே பாயிண்ட் இருக்கும்போது நாங்கள் எதற்குத் திரும்ப ஆடவேண்டும் என்று மில்காரர்களும் வேண்டாம் என்றார்கள். இரண்டு டீமும் ஒத்துப்போன விஷயம் அந்த டோர்னமெண்டிலேயே அது ஒன்றுதான்.

பேச்சித்தாய் வாசலில் நின்றாள். அவளும் ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். பஸ் ஹாரன் அடித்தது. பிறகு அவள் கட்டைப்பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஊர் என்று இருந்தால் எல்லாவற்றோடும் பழகத்தானே செய்யும்? ஆட்டக்காரர்கள் முறைவைத்து நின்றார்கள், ஒருத்தன் சாப்பிடப் போனால் மாற்று ஆள் அவன் இடத்தில் முட்டியை மடக்கி நிற்பான். மில் டீம் பள்ளிக்கூட வராண்டாவில் தங்கியது; தங்கினவர்களில் ஒருத்தன் வேல்ராஜின் தங்கச்சியையே கட்டிக்கொண்டான், இன்னொருத்தன் முக்கில் புரோட்டாக்கடை போட்டான், நம்ம ஊர்க்காரன் போடுகிற புரோட்டாவைவிட நன்றாகவே இருந்தது. பஸ் கண்டக்டர்கள் "பந்து எறங்குறவங்கல்லாம் வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பந்தின்மேல் காக்கை உட்கார்ந்தது, மழை பெய்தால் அதிலிருந்து சொட்டியது, வெயிலில் அதன் நிழல் காலையில் மில்காரன் பக்கமும் சாயங்காலம் நம்ம பக்கமும் விழுந்தது, அதை வைத்துச் சிலர் மணி பார்த்தார்கள். அம்மன் சப்பரம் அந்த வழியாக வந்தபோது அம்பயரே நாற்காலியிலிருந்து இறங்கி முன்னால் நடந்து, பந்தில் குடை இடிக்காமல் கொண்டுபோய் விட்டார். ஊரிலும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்துவிட்டது. கல்யாணம் பேசணுமா, ஆட்டம் முடியட்டும். வாய்க்கால் தூர்வாரணுமா, ஆட்டம் முடியட்டும். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையா, அதுவும் முடியட்டும். அவசரம் என்ற ஒன்றே ஊரைவிட்டுப் போய்விட்டது. சந்தோஷமாக இருந்தார்களா என்றால் இல்லை, வருத்தமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. பல் பிடுங்கின டாக்டர் போட்ட ஊசி இறங்காத வாய் மாதிரி இருந்தது ஊர்.

இத்தனைக்கும் காரணம் சொரிமுத்து எழுந்திருக்காததுதான் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்கும்தான். அவருக்குத் தலைக்குமேல் தகரம் போட்டுக்கொடுத்தார்கள், மூன்றாவது படியிலேயே பாய் விரித்தார்கள், வேளாவேளைக்கு வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோறு வந்தது. டவுன் பஞ்சாயத்துக் கூட்டத்தில், இனிமேல் சொரிமுத்து உட்கார்ந்திருப்பதே ஊர்ப்பணி என்று தீர்மானம் போட்டு, வால்வு சாவியை வேறொருத்தரிடம் கொடுத்தார்கள். கொல்லைக்குப் போகிற நேரத்துக்கு மட்டும் ஒரு ஏற்பாடு. பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கிற மாதிரி படியில் துண்டைப் போட்டுவிட்டுப் போவார், திரும்பி வருகிறவரைக்கும் பால்துரை அந்தத் துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டிருப்பார். அதே துண்டைப் போட்டுவிட்டுத் தென்காசிக்குப் போய்வந்தால் என்ன என்று சொரிமுத்து ஒருநாள் கேட்டார். அதற்கென்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். மைதானத்துச் சுவர் வரைக்கும்தான் துண்டு தாங்கும், அதைத் தாண்டித் தாங்காது என்று முடிவாயிற்று. அம்பயரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார், அவரை யாரும் கேட்கவில்லை. சொரிமுத்து சரி என்றார். உண்மையைச் சொன்னால், அவருக்குப் போகவேண்டும் என்றும் பெரிதாக இல்லை, போகவேண்டாம் என்றும் இல்லை.

பேச்சித்தாய் தென்காசியிலேயே தங்கிவிட்டாள். முதலில் தினமும் போன் பண்ணினாள். "ஆட்டம் முடிஞ்சிட்டா?" என்பாள். "இன்னும் இல்ல" என்பார். பேரனுக்குப் பேர் வைக்கிற நாளைத் தாத்தா வரட்டும் என்று தள்ளிப்போட்டார்கள், மறுபடியும் தள்ளினார்கள், கடைசியில் அரைஞாண் இல்லாமலே கறுப்புக் கயிற்றைக் கட்டி, மகிழன் என்று பேர் வைத்தார்கள். அதற்கப்புறம் அவள் கேட்கிறதை நிறுத்திவிட்டாள். மகள்தான் எப்போதாவது படம் அனுப்புவாள். பேரன் குப்புற விழுந்தான். தவழ்ந்தான். பல் முளைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், சுவரை விட்டான். சொரிமுத்து ஒவ்வொன்றையும் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவர்களிடமும் காட்டுவார், "நல்லாருக்கான்லா" என்பார். வெட்கப்படவேண்டும் என்று அவருக்கே தெரியும். உட்கார்ந்து காத்திருந்து பார்த்தார், வெட்கம் வரவில்லை. சட்டைப்பையில் இருந்த வெள்ளி, வேர்வையில் கறுத்துக்கொண்டே வந்தது.

ஒருநாள் காலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். பேரன் திமிறிக்கொண்டு அவள் இடுப்பில் இருந்தான், நல்ல வளர்த்தி. "மகிழா, இது யாரு சொல்லு, யாரு இது?" என்றாள். அவன் போனை உற்றுப் பார்த்துவிட்டு, "பந்து" என்றான்.

பிரம்மசக்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாத்தா எங்கன்னு கேப்பான்பா. பந்து பாக்காருன்னு சொல்லிச் சொல்லி, உங்க பேரே பந்துன்னு நெனச்சிக்கிட்டான்" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், கடைக்குப் போய்வந்ததைச் சொல்கிற மாதிரி, "அடுத்த மாசம் இவன ஸ்கூல்ல போடுதோம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

சொரிமுத்து போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். நெஞ்சில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை, கிணறு வற்றின மாதிரி கிடந்தது. அந்த ஒன்றுமில்லாததுதான் அவருக்கு முதல்முதலாகப் பயத்தைக் கொடுத்தது. ஒரு மனுஷனுக்கு இதற்குக்கூட வலிக்காதா? தன் தொடையைக் கிள்ளிப் பார்த்தார். அதுவும் மரத்துத்தான் இருந்தது.

அவர் எதிரே நாற்காலியில் இருந்த அம்பயரைப் பார்த்து, "சார், ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"கேளுங்க அண்ணாச்சி."

"நான் எந்திரிச்சா என்ன ஆகும்? ரூல்ல என்ன போட்டிருக்கு?"

அம்பயர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவர் பேசுகிற நேரத்துக்கு மட்டும்தான் அதை எடுத்திருக்கிறார். "ரூல்ல ஆட்டக்காரங்களைப் பத்திப் போட்டிருக்கு, கோச்சைப் பத்தி இருக்கு, பந்து பொறுக்கிப்போடுற பையனைப் பத்திக்கூட இருக்கு. பாக்க வந்தவங்களைப் பத்தி ஒண்ணும் இல்லை. நீங்க ஆட்டத்துலயே இல்லையே அண்ணாச்சி" என்றார்.

"இதை நீங்க முன்னாடியே சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க இப்பத்தானே கேட்டீங்க" என்றார் அம்பயர், விசிலைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டார்.

சொரிமுத்து எழுந்தார். எழுந்தார் என்று சொல்லிவிட்டேன், அது அவ்வளவு லேசான காரியமா? இரண்டு காலும் அவருடையது மாதிரியே இல்லை, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். காலரி முழுக்க ஒரு சத்தம் கிளம்பியது. "வே! வே! இரும் வே! என்ன காரியம் பண்ணுதீரு?" என்று பால்துரை டீ பாய்லரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ஓடிவந்தவர் சொரிமுத்துவைப் பிடிக்கவில்லை, அவர் எழுந்த இடத்தில் தான் போய் உட்கார்ந்தார், துண்டுகூட இல்லாமல். ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேரும் முட்டியை மடக்கிக்கொண்டு அண்ணாந்து நின்றார்கள். சில பெண்கள் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். "பாவி, ஊர் மானத்தை வாங்கிட்டுப் போறானே" என்று ஒரு குரல் கேட்டது. சொரிமுத்து பந்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். நொண்டிக்கொண்டே பஸ்ஸில் போய் ஏறினார்.

வழியெல்லாம் காலில் ரத்தம் திரும்பி வந்தது. முதலில் குறுகுறு என்றது, ஆலங்குளம் தாண்டியதும் ஊசி ஊசியாகக் குத்தியது, தென்காசியில் இறங்கும்போது தாங்க முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர், "என்ன அண்ணாச்சி, சுகமில்லையா?" என்று கேட்டார். "கால் முழிச்சிக்கிட்டு" என்றார் சொரிமுத்து.

மகள் வீட்டு வாசலில் பேச்சித்தாய் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது. அவரைப் பார்த்தவள் கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள்.

"ஆட்டம் முடிஞ்சிட்டா?"

"இல்ல."

"பெறகு எப்படி வந்தீங்க?"

"எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தார், ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் துணியை உதறிக் கொடியில் போட்டு, கிளிப்பும் மாட்டிவிட்டு, "வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள்.

உள்ளே மகிழன் தரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் லாரியை உருட்டிக்கொண்டிருந்தான். "யாரு வந்திருக்கா பாரு" என்றாள் பிரம்மசக்தி. பையன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். அடையாளம் தெரிந்துவிட்டது. உடனே அவர் தலைக்குமேலே பார்த்தான். அங்கே மின்விசிறிதான் சுற்றியது. அதற்குப் பின்னால், பக்கவாட்டில், எங்கெங்கேயோ தேடிவிட்டு, "பந்து எங்க?" என்று கேட்டான்.

சொரிமுத்து சட்டைப்பையில் கையை விட்டு அந்த அரைஞாணை எடுத்தார். கரிக்கட்டை மாதிரி இருந்தது. பேச்சித்தாய் அதை வாங்கி, திருநீற்றைப் போட்டுச் சேலைத் தலைப்பால் தேய்த்தாள், வெள்ளி தெரிந்தது. பேரனின் சட்டையைத் தூக்கி இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடுவே அவன் வயிறு தெரிந்தது. இழுத்துப் பார்த்தாள். பையன் கூச்சத்தில் நெளிந்து சிரித்தான்.

"ஒரு சாண் பத்தல" என்றாள்.

அப்போதுதான் வலித்தது. காலிலிருந்து ஏறி வந்ததா, எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, நெஞ்சைப் பிடித்துப் பிழிந்தது. அந்த ஒரு சாணில்தான் பல் முளைத்தது, தவழ்ந்தது, சுவரை விட்டது எல்லாம் இருந்தது. அத்தனையையும் அவர் போனில் பார்த்திருந்தார், ஒன்றையும் பார்க்கவில்லை. சொரிமுத்து தரையில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு, பிள்ளை மாதிரி அழுதார். மகள் திரும்பிக்கொண்டாள். பேச்சித்தாய் தடுக்கவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை. அடுப்பில் வைத்த குழம்பைப் பார்க்கப் போனாள். மகிழன் மட்டும் லாரியை உருட்டிக்கொண்டு வந்து அவர் முட்டியில் இடித்து, திரும்ப எடுத்து, திரும்ப இடித்தான்.

சாப்பிட்டு முடித்த பிற்பாடு பையன் அவர் மடியிலேயே ஏறிப் படுத்து, அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே தூங்கிப்போனான். இன்னும் வெயில் தாழவில்லை. அப்போது போன் அடித்தது. பால்துரை.

"வே, பந்து அப்படியேதான் நிக்கு" என்றார். குரலில் கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. "நீரு போனீரு, நாங்கல்லாம் போச்சுன்னு நெனச்சோம். ஒரு முடிகூட அசையல. நீரு இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான் போலிருக்கு. நான் இன்னும் உம்ம எடத்துலதான் இருக்கேன். எந்திரிக்கவா வேண்டாமான்னு ஒண்ணும் ஓடமாட்டேங்கு. என்ன செய்யட்டும், சொல்லும் வே."

பையன் போன் சத்தத்தில் முகத்தைச் சுளித்தான். சொரிமுத்து வெளியே போய்ப் பேசலாம் என்று ஒரு கையைத் தரையில் ஊன்றி, ஒரு விரற்கடை எழுந்தார்.

"எந்திரிச்சிராதீங்க" என்றாள் பேச்சித்தாய், அடுக்களை வாசலிலிருந்து, மெல்லமாக. "இப்பதான் அசந்திருக்கான். அப்படியே இருங்க."

சொரிமுத்து போனை அணைத்தார். உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பேரனின் தலை இருந்த தொடை மெல்ல மரக்க ஆரம்பித்தது, அவர் காலை அசைக்கவில்லை.